ஆம்னி வேனின் கிராஸ் மூட்டு

கிராஸ் மூட்டு என்பது ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும் இரண்டு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்தும் இயந்திர உறுப்பு ஆகும். பொறியியல் நூல்களில் இது யுனிவர்சல் ஜாயின்ட் எனப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக் ஆகிய இருவர் பெயராலும் இது வழங்கப்படுகிறது. பட்டறைகளில் இதன் பெயர் வெறும் 'கிராஸ்'.

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் அறிமுகமாகி, 1988 முதல் ஆம்னி என்று அழைக்கப்பட்டு, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட 796 சிசி வேன் இன்னும் சிற்றூர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் உள்ளது. ஆனால் இயங்குபவை பின்சக்கரங்கள். எனவே கியர்பெட்டியிலிருந்து பின் அச்சு வரை ஒரு நீண்ட உந்துதண்டு (புரப்பெல்லர் ஷாப்ட்) செல்கிறது. கியர்பெட்டி வண்டியின் உடலோடு நிலையாக இருக்க, பின் அச்சோ லீஃப் ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கோண மாற்றத்தைத் தாங்கவே தண்டின் இரு முனைகளிலும் கிராஸ் வைக்கப்பட்டுள்ளது. கூட்டல் குறி வடிவ இரும்புத் துண்டின் நான்கு கைகளிலும் ஊசி உருளைகள் அடங்கிய கிண்ணங்கள் இருக்கும். தேய்வது இந்த ஊசிகளும் அவை உருளும் கைகளுமே.

ஒற்றை மூட்டு வேகத்தைச் சீராகக் கடத்தாது. சாய்வு 10 பாகை என்றால், நிமிடத்துக்கு 1000 சுற்று சுழலும் தண்டின் மறுபக்கம் ஏறத்தாழ 985-க்கும் 1015-க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். இரண்டாவது மூட்டு இந்த ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்கிறது.

சேந்தமங்கலம் பகுதியில் இது ஏன் முக்கியம்

சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரப் பகுதியில் உள்ளது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது முதல், இரண்டாம் கியர்களில் முழு இழுவிசையும் கிராஸ் வழியாகவே செல்கிறது. இறங்கும்போது நிலைமை இன்னும் கடுமை. தாழ்ந்த கியரில் எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் கிராஸ் முறிந்தால் எஞ்சினின் பிடிப்பு முற்றிலும் போய்விடும். ஏற்கெனவே சூடேறிய பிரேக் மட்டுமே மிஞ்சும். முன் மூட்டு முறிந்தால் தண்டின் முனை சாலையில் குத்தவும் கூடும். 'சத்தம்தானே, ஓட்டலாம்' என்று தள்ளிப்போடக் கூடாத பழுது இது.

அறிகுறிகள்

முதலில் வருவது பெரும்பாலும் 'கீச் கீச்' ஒலி. கிரீஸ் வற்றிய ஊசிகளின் ஒலி இது. கிளட்சை மிதித்து வண்டியை உருளவிட்டாலும் வண்டியின் வேகத்துக்கேற்ப இது தொடர்ந்தால் எஞ்சின் காரணமல்ல. அடுத்து, முன்கியரிலிருந்து ரிவர்சுக்கு மாற்றும்போது 'டக்' என்ற அடி கேட்கும். பின்னர் வேகத்தில் தரையும் இருக்கையும் அதிரும். ஸ்டியரிங் மட்டும் ஆடினால் முன்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். முழுவதும் திருப்பும்போது 'டிக் டிக்' என்ற ஒலி வருவது முன்சக்கர இயக்கக் கார்களின் அச்சு மூட்டுப் பழுது. ஆம்னியில் அந்த மூட்டே கிடையாது.

உறுதிப்படுத்த, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைக்க வேண்டும். ஒரு கையால் தண்டையும் மறு கையால் மூட்டின் மறுபக்க முள்கரண்டியையும் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். இரண்டுக்கும் இடையே ஆட்டம் தெரிந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே சிறிது திரும்பினால் அது ஹவுசிங்கின் பற்சக்கர இடைவெளி. சிறிதளவு இருப்பது இயல்பே. கிண்ணத்தைச் சுற்றிச் செம்பழுப்புத் துருப்பொடி படிந்திருப்பதும் தெளிவான அடையாளம்.

மாற்றுதல்

தண்டைக் கழற்றினால் கியரில் நிறுத்தி வைத்தாலும் வண்டி உருளும். எனவே கட்டையும் கைபிரேக்கும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

பின் பிளேஞ்சிலும் தண்டிலும் பெயின்டால் ஒரே நேர்க்கோட்டில் குறியிட்ட பிறகே போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். குறி மாறினால் சமநிலை கெட்டு அதிர்வு வரலாம். முன்முனையை உருவும்போது கியர் எண்ணெய் வழியும். கீழே தட்டு வைக்கவும்.

சர்க்லிப்புகளை எடுத்தபின் வைசில் வைத்து, ஒருபுறம் சிறிய சாக்கெட்டால் அழுத்தி, மறுபுறம் பெரிய சாக்கெட்டுக்குள் கிண்ணத்தை வரவைப்பதே சரியான முறை. முள்கரண்டியின் காதுகளைச் சுத்தியலால் அடித்தால் அவை வளைந்து புதிய கிராஸும் விரைவில் கெடும். பொருத்தும்போது ஓர் ஊசி சரிந்து கிண்ணத்தின் அடியில் படுத்துக்கொள்வது அடிக்கடி நேர்வது. சர்க்லிப் பள்ளத்தில் இறங்க மறுத்தால் இதுவே காரணமாக இருக்கலாம். அடித்து இறக்காமல் கழற்றிப் பார்க்க வேண்டும். முடிந்ததும் மூட்டு எல்லாப் பக்கமும் கையால் எளிதாக அசைய வேண்டும்; ஆட்டம் இருக்கக் கூடாது.

கிண்ணம் அமரும் துளையே தேய்ந்திருந்தால் கிராஸ் மாற்றிப் பயனில்லை. துளையைச் சுற்றிப் பஞ்சால் குத்தி இறுக்குவது நிலைக்காது. தண்டையே மாற்ற வேண்டும். ஒரு கிராஸ் தேய்ந்தால் மற்றதும் அதே தூரம் ஓடியதுதான் என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் கிடைத்தால் அதை வாங்கி, சர்வீஸ் தோறும் கிரீஸ் அடிக்கலாம். கடைசியாக, வழிந்த அளவுக்குக் கியர் எண்ணெய் நிரப்பியபின், மலைக்கு அல்ல, சமவெளிச் சாலையில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.