பத்தொன்பதும் பதினெட்டும்: ஒரு கூடைப்பந்தாட்டத்தின் புள்ளிவிபரம்

விளையாட்டுப் போட்டியொன்று முடிந்த பின்னர் எஞ்சி நிற்பது அதன் புள்ளிப் பட்டியலேயாம். ஆடினோர் முதுமையெய்துவர், கண்டோர் மறப்பர், எண்கள் மாத்திரம் ஏட்டிலிருக்கும். அவ்வெண்கள் எதனைக் கூறுகின்றன, எதனைக் கூறாது விடுகின்றன என்பதை ஆராய விழைவார்க்கு, 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் நிகழ்ந்த தொழின்முறைக் கூடைப்பந்தாட்டமொன்று மிகப் பொருத்தமான சான்றாகும்.

அன்று எதிர்த்து நின்றவை மினியாப்பொலிஸ் லேக்கர்ஸ், போர்ட் வெய்ன் பிஸ்ரன்ஸ் என்னும் இரு குழுக்கள். லேக்கர்ஸ் குழுவினர் அவ்வாண்டின் வெற்றிக் கிண்ணத்தை வைத்திருந்தோர். சொந்த மண்டபத்தில் தொடர்ந்து வெற்றியே கண்டு வந்தோர். அவர்தம் பலம் பெரும்பாலும் ஒருவரிடத்தே தங்கியிருந்தது. 6 அடி 10 அங்குல உயரமுடைய ஜோர்ஜ் மைக்கன் என்பாரே அவர். கூடையருகே அவர் நின்றுவிட்டால் அவரைத் தாண்டிப் பந்தை எறிதலும், அவர் எறியும் பந்தைத் தடுத்தலும் ஒருங்கே அரிதாயின.

பிஸ்ரன்ஸ் குழுவின் பயிற்றுநராகிய மறே மென்டன்கோல் இதற்கொரு வழி கண்டார். பந்து தம்மவர் கையிலிருக்கும் வரை மைக்கன் புள்ளி பெறல் இயலாதன்றோ? ஆதலின், பந்தைக் கைப்பற்றிய வீரர் அதனை எறிய விரையாது, தம்முள் மாற்றியும் கையில் வைத்துக்கொண்டும் காலங் கடத்தினர். பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு அக்காலத்து விதிகளில் எல்லையே இருக்கவில்லை. காசு கொடுத்து வந்திருந்த மக்கள் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினர். அவர்கள்மீது குறை கூறுதல் நியாயமன்று.

முதற் கால்பகுதியின் முடிவில் பிஸ்ரன்ஸ் 8, லேக்கர்ஸ் 7. இடைவேளையில் லேக்கர்ஸ் 13, பிஸ்ரன்ஸ் 11. மூன்றாங் கால்பகுதியின் முடிவில் 17க்கு 16 என லேக்கர்ஸ் முன்னின்றனர். இறுதிக் கால்பகுதியாகிய பன்னிரண்டு நிமிடங்களிலும் அவர்கள் பெற்றது ஒரேயொரு புள்ளி. எதிர்த்தரப்பினர் பெற்றவை மூன்று. ஆட்டம் முடியச் சில செக்கன்களே இருந்தபோது லாரி பவுஸ்ற் எறிந்த பந்து கூடையினுள் வீழ, 19க்கு 18 என பிஸ்ரன்ஸ் வென்றனர். தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் வரலாற்றில் இதனினுங் குறைந்த புள்ளிகளுடன் முடிந்த ஆட்டம் இன்றுவரை வேறில்லை.

இனிப் பட்டியலை நோக்குவோம். ஆட்டத்தினூடே கூடையில் இடும் பந்திற்கு இரண்டு புள்ளியும், எதிர்த்தரப்பினரின் தவறுக்காக வழங்கப்படும் தண்ட எறிக்கு ஒரு புள்ளியும் அன்றைய கணக்கு. லேக்கர்ஸ் 18 முறை எறிந்து 4 முறை கூடையில் இட்டனர். பிஸ்ரன்ஸ் 13 முறை எறிந்து 4 முறை இட்டனர். நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தில் இரு தரப்பினருமாக எறிந்தவை முப்பத்தொன்றே. கூடையில் விழுந்தவை சமமாகையால் வெற்றியை நிர்ணயித்தது தண்ட எறியாயிற்று. பிஸ்ரன்சுக்குக் கிடைத்தவை 15, பயன்பட்டவை 11. லேக்கர்சுக்குக் கிடைத்தவை 17, பயன்பட்டவை 10.

லேக்கர்ஸ் பெற்ற 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. கூடையில் இட்ட நான்கும் அவர் இட்டவையே. ஏனையோர் எல்லாருமாகத் தந்தவை தண்ட எறியால் வந்த மூன்று புள்ளிகள். நூற்றுவீதப்படி மைக்கனின் பங்கு 83.3 ஆகும். ஒரு குழுவின் புள்ளிகளில் தனியொருவர் இத்துணைப் பெரும்பங்கு பெற்றமை ஒரு சாதனையாகவே குறிக்கப்படுகின்றது.

இங்கேதான் வாசிப்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். அந்தப் பருவகாலம் முழுவதையுங் கொண்டு பார்ப்பின் மைக்கனின் சராசரி ஆட்டமொன்றுக்கு 28.4 புள்ளிகள். அன்றோ அவர் பெற்றவை அதன் பாதியை மட்டும் சிறிது கடந்தன. அவரை அடக்குதலே எதிரியின் நோக்கமாயின் அது நிறைவேறிற்று. அங்ஙனமாகவும் அவரது பங்கு சாதனையளவுக்கு உயர்ந்தமைக்குக் காரணம் பின்னத்தின் தொகுதி பெருகியமையன்று, பகுதி சுருங்கியமையே. கணித வகுப்பில் மாணவர் பலகாலும் இடறும் இடமும் இதுவே. மேலும், பதினொரு தண்ட எறிகளில் மைக்கன் ஏழினையே பயன்படுத்தினார். தவறிய நான்கில் இரண்டு விழுந்திருப்பின் வெற்றி லேக்கர்சுக்கு ஆகியிருக்கும். வெற்றிக்கு மிக அண்மையிற் குழுவைக் கொணர்ந்தவரும், தவறிய தண்ட எறிகளில் பெரும்பாலானவற்றுக்கு உரியவரும் ஒருவரே. பட்டியல் இரண்டையுங் கூறும். எதனைப் பெரிதாகக் கொள்வது என்பதைக் கூறாது.

அது கூறாதவை வேறும் உள. ஒவ்வொரு வீரரும் எத்தனை நிமிடம் ஆடினர் என்பது 1951-52 பருவகாலத்திலிருந்தே பதியப்பட்டது. பந்தைப் பறித்தலும் எறியைத் தடுத்தலும் 1973-74 வரை கணக்கிற் சேர்க்கப்படவில்லை. எல்லாவற்றினும் முதன்மையானது, அவ்விரவில் பந்து சும்மா கையிலிருந்த நேரம். ஆட்டத்தின் உயிர்நிலை அதுவாகவும், அதற்கெனப் பட்டியலில் ஓர் இடமில்லை.

இக்குறையை நீக்கியதும் எண்ணே. சிரக்கியூஸ் குழுவின் உரிமையாளரான டானி பியசோன், மக்கள் விரும்பிப் பார்க்கும் ஆட்டங்களில் இரு தரப்பினருமாக ஏறக்குறைய 120 முறை எறிதலைக் கவனித்தார். 48 நிமிடம் 2,880 செக்கன். அதனை 120ஆல் வகுக்க வருவது 24. பந்தைப் பெற்ற குழு 24 செக்கனுக்குள் எறிதல் வேண்டும் என்னும் விதி 1954இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு குழு ஆட்டமொன்றிற் பெறும் சராசரிப் புள்ளி 1953-54இல் 79.5 ஆயிருந்தது, அடுத்த பருவகாலத்தில் 93.1 ஆயிற்று.

புதிய விதியின்கீழ் நடந்த முதலாவது பருவகாலத்தின் இறுதிச் சுற்றில், 1955ஆம் ஆண்டு, பியசோனின் சிரக்கியூசை எதிர்த்து நின்றவர் போர்ட் வெய்ன் பிஸ்ரன்ஸ் குழுவினரே. தலா மூன்று வெற்றி பெற்றபின் நடந்த ஏழாவது ஆட்டம் 91க்கு 91 எனச் சமநிலையில் நின்றது. கடைசிச் செக்கன்களில் சிரக்கியூஸ் வீரர் ஜோர்ஜ் கிங் ஒரு தண்ட எறியைக் கூடையிலிட, பிஸ்ரன்ஸ் ஒரு புள்ளியால் தோற்றனர்.