கென்னடியின் கேசமும் அரை டாலரின் விலையும்

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்துச் சென்ற கென்னடி அரை டாலர் நாணயங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வாசகர் ஒருவர், அவற்றை விலை மதிப்பது எவ்வாறு என்றும், விற்குமுன் துலக்கி வைக்கலாமா என்றும் வினவி எழுதியிருக்கிறார்.

முதலில் நோக்க வேண்டியது வருஷம். 1964-ஆம் வருஷத்து நாணயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பாகம் வெள்ளி; 1965 முதல் 1970 வரை நாற்பது பாகம்; 1971 முதல் சாதாரணப் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளி சிறிதும் இல்லை. விளிம்பில் செம்பு நிறக் கோடு தெளிவாக ஓடினால், கைமாறித் தேய்ந்த அந்நாணயம் பெரும்பாலும் ஐம்பது சென்ட்டுக்கு மேல் பெறாது. ஆயினும் உலோகமே விலையன்று. 1970-ல் டென்வர் நாணயசாலை அச்சிட்டது புழக்கத்துக்கு விடப்படாமல், சேகரிப்போருக்கான தொகுப்புகளில் மட்டும் ஏறத்தாழ 21 லக்ஷம் வந்தமையால், வெள்ளி குறைந்ததாயினும் அதனை நாடுவோர் மிகுதி.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது 1964-ஆம் வருஷத்து ‘ப்ரூஃப்’ நாணயம். கண்ணாடிபோல் மெருகிட்டுச் சேகரிப்போருக்கென்றே ஃபிலடெல்ஃபியாவில் அச்சிடப்பட்ட சுமார் 40 லக்ஷம் நாணயங்களுள், தொடக்கத்தில் வந்த சிலவற்றில் மட்டும், காதுக்கு மேலுள்ள கேசம் ஆழ்ந்த கோடுகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கில்ராய் ராபர்ட்ஸ் சமைத்த அவ்வுருவத்தில் கேசம் மிகைப்பட்டதெனத் திருமதி ஜாக்குலின் கென்னடி கருதியதால் அச்சு திருத்தப்பட்டது என்பது சேகரிப்போரிடையே வழங்கும் செய்தி. நூற்றில் ஒன்று முதல் மூன்று வரையே இவ்வகை இருக்கும் என மதிப்பிடுகிறார்கள். கேசத்தில் ஐயம் எழுந்தால், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்குக. அதன் அடியில் இடப்பக்க நுனி குறைபட்டிருப்பின் ஐயம் தீர்ந்தது.

வருஷத்துக்கும் வகைக்கும் அடுத்தபடியாக விலையை நிர்ணயிப்பது நிலைமை. ஒன்று முதல் எழுபது வரை எண்ணிட்டு நிபுணர்கள் அதனைக் கணிக்கிறார்கள். அறுபதுக்கு மேல் ஓரிரு படி உயர்ந்தாலே விலை பன்மடங்காவதும் உண்டு. அச்சின் அழுத்தத்தால் உலோகம் பரவியபோது அதன் மேற்பரப்பில் பதிந்த நுண்ணிய ரேகைகளே புது நாணயத்தின் ஒளிக்குக் காரணம்; துலக்கினால் அந்த ரேகைகள் அழிந்துவிடும். எங்கள் வீட்டு வெண்கலக் குத்துவிளக்கு தலைமுறைதோறும் புளியிட்டுத் தேய்க்கப்பெற்றுக் கொடிவேலை மழுங்கிப்போனதை நான் கண்டிருக்கிறேன். ஏற்றுவதற்கென்றே அமைந்த விளக்குக்கு அது குறையன்று, ஆனால் மேற்பரப்பையே செல்வமாகக் கொண்ட நாணயத்துக்கு ஒருமுறை தேய்ப்பதும் அழிவே. அன்பு மிகுதியால் துலக்கப்பட்டுப் பாழான நாணயங்களைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சம் வருந்துகிறது.

ஆகவே அன்பர் தம் நாணயங்களைத் துலக்காமல், ஓரத்தை மட்டும் பிடித்தெடுத்து, பி.வி.சி. கலவாத உறையில் இட்டு, கறுத்திருந்தால் கறுத்தபடியே, நாணயம் அறிந்த ஒருவரிடம் காட்டுவாராக.