அடுப்பும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு ஓர் ஆசிரம யாத்திரை

க்ஷேத்திராடனம் நம்மில் பலருக்கும் பழகிய ஒன்று. விடியலில் ஒரு கோயில், உச்சிப் பொழுதுக்குள் மற்றொன்று, இரவில் சத்திரத்துப் படுக்கை. சென்ற தை மாதம் எங்கள் பஜனை மடத்து அன்பர்கள் 22 பேர் மேற்கொண்டது சற்றே வேறான யாத்திரை. உறவுமுறை ஏதுமின்றி, ஒரு குருவையோ ஒரு நெறியையோ பற்றிக்கொண்டு பலர் கூடி வாழும் ஆசிரமங்களைக் காண்பதே நோக்கம்.

இந்த எண்ணம் பிறந்த இடம் மடத்துத் திண்ணை. எங்களில் அறுபதுக்குக் குறைந்தவர் எவருமில்லை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். எஞ்சிய காலத்தை எங்கே கழிப்பது என்ற பேச்சு, ஏகாதசிக்கு ஏகாதசி தவறாமல் எழும். அடியேனின் பெரியப்பா மகள், 71 வயதான அக்காள், பேச்சோடு நிற்கவில்லை. தம்மை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ள இயலுமா என்று ஓர் ஆசிரமத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார். தபாலில் சேர்க்கவில்லை, சஹஸ்ரநாமப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். "முதலில் கண்ணால் பார்த்துவிடுகிறேன், தம்பி. அப்புறம் போடலாம்" என்றார். அவருடைய மகனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும் என்பது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

பேருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாத்திரை நடத்தும் ஒருவர், ஊர்ப் பேருந்தாக ஓடி ஓய்ந்த வண்டியை வாங்கி, கடைசி வரிசை இருக்கைகளை எடுத்துவிட்டு மரப்பலகைகள் அடித்திருந்தார். பகலில் அவற்றின்மேல் அரிசி மூட்டை, புளிப்பானை, அண்டா, தவலை. இரவில் முதுகு வலிக்காரர் நால்வர் படுக்கலாம். ஜன்னலோரம் ஊன்றிப் பிடித்து ஏற ஓர் இரும்புக் கம்பி. படிக்குக் கீழே முக்காலி ஒன்று. ஓடும் வண்டிக்குள் அடுப்பு மூட்டுவது கூடவே கூடாது என்பதில் உரிமையாளர் கண்டிப்பாக இருந்தார். எங்கே மரநிழலும் தண்ணீரும் உண்டோ அங்கே இறக்கி, சமைத்து, உண்டு, கழுவி, மறுபடி ஏற்ற வேண்டும். கேட்க இனிமையாக இருக்கும். மூன்றாம் நாள் யார் பாத்திரம் தேய்ப்பது என்ற வழக்கு வந்துவிட்டது.

முதலில் திருவண்ணாமலை. 1922-ஆம் ஆண்டு அன்னை அழகம்மாள் முக்தி அடைந்தபின், அவரை மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். கந்தாச்ரமத்திலிருந்து அங்கே இறங்கிவந்துகொண்டிருந்த பகவான் ரமணர் ஒருநாள் மலைக்குத் திரும்பாமல் தங்கிவிட்டார். ஒரு கொட்டகையிலிருந்து ஆசிரமம் வளர்ந்தது. பகவான் பொழுது விடியுமுன் சமையற்கூடத்துக்கு வந்து அன்பர்களோடு காய் நறுக்கியதும், மற்றவர்க்கு இல்லாத எதையும் தமக்குப் பரிமாறவிடாததும் வாசகர்கள் அறிந்தவையே. தியானக்கூடத்தில் கால்மணி நேரம் அமர்ந்த அக்காள், உணவுக்கூடத்தை விட்டு எளிதில் எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து மலையாள தேசத்துக் காஞ்ஞங்காடு. இரண்டு ஊர்களுக்கும் ஓர் உட்தொடர்பு உண்டு. சுவாமி ராமதாசர் துறவு பூண்டு அலைந்த தொடக்க நாட்களில் ரமணரைத் தரிசித்து, அருணாசலத்தின் குகை ஒன்றில் சுமார் மூன்று வாரம் ராமநாமத்திலேயே மூழ்கியிருந்தார். பின்னாளில், 1931-இல், அன்னை கிருஷ்ணாபாயுடன் அவர் நிறுவியதே ஆனந்தாசிரமம். பஜனைக்கூடத்தில் ராம மந்திரம் பகல் முழுவதும் ஒலிக்கிறது. ஒருவர் தொடங்க, மற்றவர் வாங்கிச் சொல்லும் முறை. எங்களில் குரல் போனவரும் உண்டு, காது மந்தமானவரும் உண்டு. எல்லோருக்கும் அங்கே இடமிருந்தது. அக்காள் அன்றிரவு கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் வைத்ததைக் கண்டேன்.

காஞ்ஞங்காட்டிலிருந்து வார்தா நெடுந்தூரம். கோகர்ணம், கோலாப்பூர், பண்டரிபுரம் என்று வழியில் தரிசனங்கள் நிறையவே கிடைத்தன. அவற்றை எழுதப் புகுந்தால் இதழ் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோலாப்பூரில் தவசிப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அன்றுமுதல் சமையல் எங்கள் தலையில். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், வாழ்நாளில் தம் தட்டைத் தாம் கழுவி அறியாதவர், "காசு கொடுத்து வந்தோமே" என்று முணுமுணுத்தார். அக்காள் பொறுக்கவில்லை. "அடுப்படியிலிருந்து விலகத்தான் நான் புறப்பட்டேன். இங்கேயும் நான்தானா?" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று மதியம் எல்லோரும் அவலைத் தயிரில் பிசைந்து உண்டோம். எவரும் எவரோடும் பேசவில்லை.

அந்த மனநிலையோடு சேவாகிராமம் சென்றோம். காந்தியடிகள் 1936-இல் அந்தச் சிற்றூருக்குக் குடிவந்தார். மண்சுவரும் ஓடும் வேய்ந்த குடில்கள், அவர் நட்ட அரசமரம், அதனருகே காலை மாலை பிரார்த்தனை நடக்கும் திறந்தவெளி. பாம்பைக் கொல்லாமல் பிடித்து அப்புறப்படுத்த வைத்திருந்த கூண்டைக்கூடப் பத்திரமாகக் காட்டுகிறார்கள். எங்களை நெடுநேரம் நிறுத்தியது பர்சுரே சாஸ்திரியாரின் குடில். அவர் சமஸ்கிருத பண்டிதர், தொழுநோய் கண்டவர். அவரை ஆசிரமத்திலேயே குடிவைத்து, காந்தியடிகள் தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டுப் பணிவிடை செய்தார். போஸ்ட்மாஸ்டர் அந்தக் குடில் வாசலில் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அண்டாவைத் தேய்த்தவர் அவர்தான். சுத்தமாகத் தேய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

வார்தாவுக்கு அருகே தாம் நதிக்கரையில் பவனார். பூதான நடையில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த வினோபாஜி, 1959 மார்ச் 25 அன்று அங்கே பெண்களுக்கென்று பிரம்ம வித்யா மந்திரத்தைத் தொடங்கிவைத்தார். 1982-இல் தம் உடலை நீத்ததும் அங்கேதான். அவர் வேலூர்ச் சிறையில் தமிழ் பயின்றவர் என்பதால் நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. நிலத்தைக் கொத்தும்போது கிடைத்த பழஞ்சிற்பங்களுள் ராமனைப் பரதன் சந்திக்கும் சிலை ஒன்றுண்டு. அதுவே இன்று அங்கே வழிபாட்டில் இருக்கிறது. தோட்ட வேலை, சமையல், அச்சுப்பணி அனைத்தும் சகோதரிகளின் கைகளால் நடந்துவந்தவை. முற்பகலில் விஷ்ணு சஹஸ்ரநாம பாராயணம். உச்சரிப்பில் வடக்கத்தி வாடை. ஆனால் நம் வீட்டு நாமங்களே. அக்காள் புத்தகத்தைத் திறக்காமலே உடன் சொன்னார்.

அங்கே எந்த முடிவும் பெரும்பான்மையால் எடுக்கப்படுவதில்லை. எல்லோரும் மனமொப்பும்வரை காத்திருப்பதே வினோபாஜி வகுத்த முறை. அங்குள்ள தலைவி யார் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அப்படி ஒருவர் இல்லை.

மாலையில் ஆற்றங்கரைப் படியில் அக்காளும் நானும் அமர்ந்திருந்தோம். "வீட்டில் என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. இந்த வேலை உங்களால்தான் ஆகவேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை" என்றார். மறுமொழி சொல்ல எனக்கு வரவில்லை. சற்றுக் கழித்து அவரே, "அங்கே கரண்டியை வீசினேனே, இவர்களாக இருந்தால் வைத்துக்கொள்வார்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

திரும்பும் வழியில் ஸ்ரீசைலம் போவதா, நேரே ஊருக்கா என்று கேள்வி எழுந்தது. பவனார் முறையைச் சோதித்துவிடலாம் என்று சாலையோரம் புளியமரத்தடியில் அமர்ந்தோம். 21 பேர் ஸ்ரீசைலம் என்றோம். போஸ்ட்மாஸ்டருக்கு மூட்டுவலி மாத்திரை தீர்ந்திருந்தது. சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார். அதைக் கேட்டு வெளியே கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டார். மல்லிகார்ஜுனரை மனத்தால் வணங்கி, நேரே ஊர் திரும்பினோம்.

இத்தகைய இடங்களுக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரமங்கள் சத்திரங்கள் அல்ல. தங்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதி, வயதையும் உடல்நிலையையும் ஒளிக்காமல் தெரிவித்து, அனுமதி பெற்றே செல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துச் செல்லுங்கள்.

ஊர் சேர்ந்த மறுநாள் அக்காள் மகனுக்குத் தொலைபேசியில் அனைத்தையும் சொன்னார். பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி, என்னிடமே கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னார். வரும் மார்கழி மாதம் மட்டும் தங்க இடம் கிடைக்குமா, காய் நறுக்கவும் பூத்தொடுக்கவும் தெரியும் என்று அதில் எழுதியிருந்தார்.