அட்டையின் பின்னால் ஓடும் கறுப்புப் பட்டி

ஏ.ரி.எம். அட்டையின் பின்புறத்தில் கறுப்பாகவோ கபில நிறமாகவோ ஓடும் பட்டியை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. அட்டையைப் பிரதியெடுத்துப் பணம் திருடுபவர்கள் தேடுவது அந்தப் பட்டியைத்தான்.

பழைய பாட்டுக் கசெட்டின் நாடாவும் இந்தப் பட்டியும் ஒரே இனம். கண்ணுக்குத் தெரியாத இரும்புச் சேர்வைத் துகள்கள் அதில் பூசப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவற்றின் முனைவுகள் எந்தத் திசைக்குத் திரும்பியுள்ளன என்பதே அங்குள்ள எழுத்து. அட்டையை இழுக்கும்போது வாசிக்கும் கருவியிலுள்ள கம்பிச் சுருளின் முன்னால் காந்தப்புலம் மாறி, சிறு மின்துடிப்புகள் பிறக்கின்றன. அட்டையை அசையாமல் பிடித்தால் கருவிக்கு எதுவும் விளங்காது.

1960களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். பொறியியலாளர் ஃபொரஸ்ட் பாரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட முடியாமல் திண்டாடினாராம். உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்த அவரது மனைவி, மின்னழுத்தியின் சூட்டால் ஒட்டிக் காட்டினார் என்பது பலரும் சொல்லும் கதை.

பட்டியில் மூன்று தடங்கள் உண்டு. முதலாவது 79 எழுத்துகள் வரை கொள்ளும். உங்கள் பெயர் இருப்பது அதில்தான். இரண்டாவது 40 இலக்கங்கள் வரை கொள்ளும். கணக்கட்டை இலக்கமும் காலாவதித் திகதியும் அதில் உண்டு. மூன்றாவது தடத்தை வங்கிகள் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. உங்கள் பணமும் இரகசிய இலக்கமும் பட்டியில் இல்லை. அதனால்தான் திருடர்கள் அட்டை செருகும் வாயில் போலி வாசிப்பானைப் பொருத்துவதோடு நில்லாமல், விசைப்பலகைக்கு மேலே சிறு கமெராவையும் ஒளித்துவைக்கிறார்கள். மற்றக் கையால் மறைத்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

பட்டியின் பலவீனம் ஒன்றே: அது எப்போதும் ஒரே விடயத்தையே சொல்லும். ஒருமுறை கேட்டவர் அதை இன்னொரு வெற்று அட்டையில் அப்படியே எழுதிவிடலாம். சிப் அப்படியல்ல. அது தனக்குள் இருக்கும் இரகசியச் சாவியை வெளியே விடாமல், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் புதிய குறியீடு ஒன்றை உருவாக்குகிறது. நேற்றைய குறியீட்டைத் திருடினாலும் இன்று பயனில்லை. ஆனால் சிப் உள்ள அட்டையிலும் பட்டி இருக்கும் வரை, பட்டியை ஏற்கும் இயந்திரம் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஆபத்து இருக்கிறது.

ஹோட்டல் அறைச் சாவி அட்டை மட்டும் ஏன் அடிக்கடி பழுதாகிறது? அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருப்பதால் அதில் காந்தப் பிடிப்புக் குறைந்த பட்டியையே வைக்கிறார்கள். கைப்பையின் காந்தப் பூட்டே அதை அழித்துவிடும். வங்கி அட்டைகளில் பொதுவாக உறுதியான பட்டி இருப்பதால் அவ்வளவு இலகுவில் அழியாது.

மாஸ்டர்கார்ட் நிறுவனம் 2021இல் இந்தப் பட்டிக்கு நாள் குறித்தது. 2029 முதல் அதன் புதிய அட்டைகளில் பட்டி இராது. 2033இல் எந்த அட்டையிலும் இராது. வட அமெரிக்காவின் முற்கொடுப்பனவு அட்டைகளுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள்.