ஒட்டகத்தின் முழங்கால்

சஜ்தாவைச் ‘சாஷ்டாங்கம்’ என்று மொழிபெயர்த்துவிட்டுப் போகிற பழக்கம் நம் எழுத்தாளர்களிடம் இருக்கிறது. இரண்டும் வேறுவேறு உடல்கள். சாஷ்டாங்கத்துக்கு எட்டு உறுப்புகள். உடல் முழுசாக நீட்டிக் கிடக்கிறது. சஜ்தாவுக்கு ஏழுதான். மூக்கோடு சேர்த்து நெற்றி, உள்ளங்கைகள், முழங்கால்கள், பாதங்களின் விரல்கள். இப்னு அப்பாஸ் அறிவிக்கும் ஹதீஸில் உள்ள கணக்கு இது. வயிறு தொடையில் ஒட்டாது. முழங்கை தரையில் படாது, விலாவை விட்டு விலகியிருக்கும். கால்விரல்கள் மடங்கி கிப்லாவைப் பார்க்கும். முன்கைகளை நாய் மாதிரிப் பரப்பக்கூடாது என்று இன்னொரு ஹதீஸ். பணிவுன்னா தளர்ந்து விழுவது என்கிற நம் பொதுப்புத்தியை இது இடிக்கிறது. தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டுதான் இந்த உடல் பணிகிறது. அதுவும் மனிதனுக்கு இல்லை. அக்பர் அவையில் பாதுஷாவுக்கு சஜ்தா செய்யும் வழக்கம் இருந்தது, ஷாஜஹான் அதை நீக்கினார். தலைவர்களின் கார் முன்னால் விழுகிற நம்மூர் அரசியலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குனியும்போது முதலில் தரையில் படவேண்டியது கையா, முழங்காலா? ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் முழங்கால் என்கின்றன. மாலிக்கிகள் கை என்கிறார்கள். அபூஹுரைரா அறிவிப்பு, ஒட்டகம் போல மண்டியிடாமல் கைகளை முதலில் வைக்கச் சொல்கிறது. ஆனால் ஒட்டகம் முன்னங்கால்களைத்தானே முதலில் மடக்குகிறது! ஆகவே அறிவிப்பில் சொற்கள் இடம் மாறிவிட்டன என்றார் இப்னுல் கையிம். ஒட்டகத்துக்கு முழங்கால் இருப்பதே முன்னங்காலில்தான் என்று மறுதரப்பு. பிரதி, வாசிப்பு என்று இன்று நாம் பேசுகிறதெல்லாம் இந்த மிருகத்தின் காலடியில் எப்போதோ நடந்து முடிந்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மேலே சொன்ன விரிந்த உடல் ஆணுடையது. பெண் வயிற்றைத் தொடையோடு ஒட்டி, கைகளை விலாவோடு சேர்த்து ஒடுங்க வேண்டும் என்று மத்ஹபு நூல்கள் விதிக்கின்றன. காரணம், மறைவு. ஆதாரமாகக் காட்டப்படும் நபிமொழியோ அறிவிப்பாளர் தொடர் அறுந்தது, முர்ஸல். நபி தொழுததைப் பார்த்தபடியே தொழுங்கள் என்ற கட்டளையில் ஆண், பெண் பிரிவு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் ஹதீஸ் ஆய்வாளர் அல்பானி இதை வைத்தே வேறுபாட்டை மறுத்தார். (இந்துக்களிடமும் பெண்ணுக்கு சாஷ்டாங்கம் விலக்கு, பஞ்சாங்கம்தான். ஒடுக்குவதில் நல்ல ஒற்றுமை!)

தமிழ்நாட்டில் 1980களுக்குப் பிறகு தவ்ஹீத் இயக்கம் கிளப்பிய விவாதங்களில் விரலசைப்பும் கை கட்டும் இடமும் ஊர்விலக்கு வரைக்கும் போயின. சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்ணின் முழங்கை அங்கே பெரிய பிரச்சினையாகவில்லை. புகாரியிலோ ஒரு சின்னக் குறிப்பு கிடக்கிறது, சஜ்தா பற்றியதல்ல, இருப்பு பற்றியது: உம்முத் தர்தா தொழுகையில் ஆணைப்போலவே உட்கார்வார், அவர் மார்க்கச் சட்டம் அறிந்த பெண்.