மஞ்சள் சுடரும் கம்பி நாரும்

பால் பொங்கி வழிந்தால் பல வீடுகளில் முதலில் துடைக்கப்படுவது அடுப்பின் மேல்தட்டுதான். கண்ணில் படுவது அதுதானே! பர்னருக்குள் இறங்கிய பாலை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த முறை பற்றவைக்கும்போது அது கருகித் துளைகளை அடைத்துக்கொள்ளும். சுடர் ஒரு பக்கம் குட்டையாக, மறுபக்கம் மஞ்சளாக எரியும்; பாத்திரத்தின் அடியில் கரி அப்பும்.

ஜெட் என்னும் நுண்துளை வழியே சீறி வரும் கேஸ், பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டுதான் பர்னருக்குள் போகிறது. கலவை சரியாக இருந்தால் நீலச் சுடர். காற்று போதாவிட்டால் மஞ்சள். கேஸ் வீணாவதோடு இது நிற்பதில்லை. அரைகுறையாக எரியும் கேஸிலிருந்து மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளிவரும். ஜன்னல் சாத்திய சின்னச் சமையலறையில் அது ஆளையே மயக்கிவிடும். ஆகவே துடைக்க உட்காரும்போது மேல்தட்டைவிடப் பர்னருக்கே முதல் மரியாதை.

ரெகுலேட்டரை மூடிவிட்டு, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு தொடங்க வேண்டும். பித்தளை பர்னரை, பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். பாட்டிமார் கைவசம் வைத்திருந்த புளியும் நல்ல ஆயுதம்: அதிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பைக் கரைக்கும். அடைத்த துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடலாம். ஆனால் ஜெட்டில் ஊசியை நுழைக்கக் கூடாது. அந்தத் துளை கொஞ்சம் அகன்றாலும் கேஸ் அளவுக்கு மீறிப் பாயும். ஜெட்டைச் சுத்தம் செய்வது மெக்கானிக்கின் வேலை. கழுவிய பர்னர் ஈரம் போகக் காய்ந்த பிறகே அடுப்பில் ஏறட்டும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றி நுரைக்கவிடும் வீடியோக்கள் ஏராளம். பார்க்க அமர்க்களமாக இருக்கும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ள, கரியமில வாயு பறந்துபோய், மிஞ்சுவது வலுவிழந்த உப்புநீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

சோடாவையும் வினிகரையும் கலப்பது வெறும் வீண்வேலை. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்ப்பதோ உயிருக்கே ஆபத்து. அப்போது கிளம்பும் குளோரின், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை ஆயுதமாக ஏவிய அதே வாயு. எண்ணெய்ப் பிசுக்குக்காகக் காஸ்டிக் சோடாவை எடுப்பவர்களும் உண்டு. அது அலுமினிய பாகங்களை அரித்துவிடும். கையில் பட்டால் தோலையும் விடாது.

கண்ணாடி மேல்தட்டு அடுப்புக்குக் கம்பி நார் ஆகவே ஆகாது. அது போடும் கீறல்கள் கண்ணாடியின் வலிமையைக் குறைக்கும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரைக் கொட்டினால், டஃபன்டு கண்ணாடி என்றாலும், ஒரே நொடியில் சிறுசிறு துண்டுகளாகச் சிதறலாம். ஈரத்துணியும் பொறுமையும் போதும்.

துடைக்க அடுப்பை நகர்த்தும்போதே டியூபையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். வெடிப்பு தெரிந்தாலோ, ஐந்து வருடம் ஆகியிருந்தாலோ மாற்றிவிட வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ரெகுலேட்டரைத் திறந்தால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது விபரீதம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.