டிராக்டரின் உஷ்ணமானி பழுதாயின் அறியும் விதம்

குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் கோடை உழவு நடக்குங் காலத்தில், டிராக்டரின் உஷ்ணமானியே எஞ்சினுக்குக் காவலாகும். முள் வீணாக ஏறி நின்றால் உழவு தடைப்படும். ஏறவேண்டிய சமயத்தில் ஏறாதிருந்தாலோ, சிலிண்டர் ஹெட் கோணி, கேஸ்கட் எரிந்து, பெருஞ்செலவு நேரும். ஆகையால் எதையும் புதிதாக வாங்குமுன் எப்பகுதி பழுதென்று அறிதல் அவசியம்.

முதலாவது, எஞ்சின் நன்றாய் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்க்கவேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்திற் பீறிடும். நீர் குறைந்திருந்தால், எஞ்சினிற் பதித்த சென்சார் நீரில் முழுகாமல், எஞ்சின் கொதிக்கையிலும் முள் தாழ்ந்து நிற்பதுண்டு. இது மானியின் குற்றமன்று. பேன் பெல்ட் தளர்ச்சியையும் கவனிக்க.

இரண்டாவது, மின்சார மானியைச் சோதித்தல். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சாரின் ஒற்றைக் கம்பியைக் கழற்றினால் முள் குளிர்ப்பக்கம் இறங்கவேண்டும். கம்பி முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் ஒரு கணம் தொட்டால் சூட்டுப்பக்கம் ஏறவேண்டும். சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறைவதே காரணம். பெரும்பாலான பழைய டிராக்டர்களில் இம்முறை பொருந்தும். கம்ப்யூட்டர் பொருத்திய வண்டிகளில் இவ்விதம் தொடலாகாது. பட்டறையில் ஸ்கேனர் கொண்டே பார்க்கவேண்டும்.

மேற்படி இரண்டும் சரியாயின் மானியும் கம்பியும் நல்லவை; சென்சாரையே சந்தேகிக்க வேண்டும். கழற்றியும் முள் உச்சியிலேயே நின்றால், கம்பி தோலுரிந்து எங்கேனும் இரும்பிற் படுகிறதா என்று தேடுக. தொட்டும் முள் அசையாவிடில் ப்யூஸ், கம்பி, மானி இவற்றை வரிசையாய்ப் பார்க்க. டீசல் அளவு காட்டும் முள்ளும் சேர்ந்து தவறினால், இரண்டுக்கும் பொதுவான மின்வரவிலே குறையிருக்கலாம். புதுச் சென்சாரின் மரையில் டேப்பை அதிகமாய்ச் சுற்றினால் எர்த் கிடையாது.

மூன்றாவது, மின்சாரமின்றி மெல்லிய குழாயினால் இயங்கும் மானி. அதன் குமிழைக் கொதிநீரில் வைத்தால் முள் 100 டிகிரி செல்ஷியஸை நெருங்கவேண்டும். அசையாவிடில் உட்திரவம் கசிந்ததென்று கொண்டு, குழாயோடு முழுதும் மாற்றுக. குழாயை வெட்டி ஒட்டலாகாது.

மானி சரியாயிருந்தும் முள் எந்நேரமும் தாழ்ந்தே நின்றால், தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தபடி நிற்கக்கூடும்.

டிராக்டரை வாடகைக்கு விடும் நிலச்சுவான்தார்களும், கிராம உத்தியோகஸ்தர்களும் இச்சோதனைகளை ஓட்டுநர்களுக்குக் காட்டிக்கொடுப்பது நலம். நீராவி தெரிந்தாலும், சூட்டு வாடை வீசினாலும், முள் எங்கு நிற்பினும் எஞ்சினை உடனே நிறுத்துவதே உசிதம்.